கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காதவருக்கு முதல் சாஃப்ட்வேர் வேலையை யார், எதை நம்பித் தருவார்கள்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். பி.எஸ்சி. வேதியியல் முடித்து மூன்று ஆண்டுகளாக ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையில், தர ஆய்வு லேபில் வேலை பார்க்கிறீர்கள். வயது 25. சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனம் ஆறு மாதப் படிப்புக்கு 90,000 ரூபாய் கேட்கிறது, வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்றும் சொல்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரி இல்லாமல் சாஃப்ட்வேர் வேலைக்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தபோது, கேள்வி அதுவல்ல என்று தோன்றியது. கையில் காட்ட அந்தத் துறையின் சான்றிதழ் இல்லாதபோது ஒருவர் எதை நம்பி முதல் வேலையைத் தருவார், அதற்காக இருக்கிற வேலையையும் சேமிப்பையும் பணயம் வைக்கலாமா என்பதைத்தான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் படித்தது கணிதம். சாஃப்ட்வேர் வேலைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன, முதலில் கோவையில், பிறகு சென்னையில். ஃப்ரெஷர்களை இன்டர்வியூ செய்வது என் வேலையின் ஒரு பகுதி. வெப் மென்பொருள், டேட்டாபேஸ் சார்ந்த வேலைகள் பற்றி உறுதியாகப் பேசுவேன். சிப் வடிவமைப்பு, கேம் உருவாக்கம் போன்றவற்றுக்கு என் பேச்சை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிகிரி எங்கே உண்மையாகவே குறுக்கே நிற்கிறது என்று பார்ப்போம். டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ, காக்னிசன்ட் போன்ற பெரிய சேவை நிறுவனங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களை மட்டும் எடுப்பதில்லை. மெக்கானிக்கல், சிவில், டெக்ஸ்டைல் என்று எந்தப் பிரிவில் பி.இ. முடித்தவரையும் எடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கும் வழக்கம் பல காலமாக இருக்கிறது. 1990களின் கடைசியில் 2000-ஆம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டர்களில் தேதி குழம்பும் என்ற ஒய்2கே சிக்கலைச் சரிசெய்யும் வேலைகள் குவிந்தபோதே இது பெரிய அளவில் நடந்தது. ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் பயிற்சி மையங்கள் முளைத்ததும் அந்தக் காலத்தில்தான். இந்த நிறுவனங்கள் விண்ணப்பத்தை வடிகட்டுவது பெரும்பாலும் வேறு விஷயங்களை வைத்து: எந்த ஆண்டு முடித்தீர்கள், பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம் இருக்கிறதா, அரியர் நிற்கிறதா, படிப்புக்கு நடுவே இடைவெளி விழுந்ததா. பி.எஸ்சி. பட்டதாரிகளுக்குத் தனி வழிகளும் உண்டு. விப்ரோ தன் டபிள்யூஐஎல்பி திட்டத்தில் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கிறது. ஆனால் இவை எல்லாம் அப்போதுதான் கல்லூரியை விட்டு வருபவர்களுக்கானவை. படித்து முடித்து மூன்று ஆண்டு ஆனதால், ஃப்ரெஷர்களை மொத்தமாக எடுக்கும் இந்த வாசல் உங்களுக்கு ஏறக்குறைய மூடிவிட்டது. உங்கள் பாடம் வேதியியல் என்பதைவிட, முடித்த ஆண்டுதான் இங்கே இடிக்கிறது. இதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் ஆறு மாதம் படித்துவிட்டு, திறக்காத கதவைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

உங்கள் வீட்டில் ப்ளஸ் டூ முடிக்கப் போகும் தம்பியோ தங்கையோ இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள். ஸோஹோ 2005 முதல் நடத்தும் பள்ளியில் ப்ளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்க்கிறார்கள். கட்டணம் கிடையாது, படிக்கும்போதே உதவித்தொகையும் தருகிறார்கள். எச்சிஎல் நிறுவனத்தின் டெக்பீ திட்டமும் ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கானதுதான். இவற்றை அந்த வயதில் தெரிந்துகொள்ளாமல், பட்டம் வாங்கிய பிறகு கேட்டு வருத்தப்படுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

டிகிரி குறுக்கே நிற்கும் இன்னொரு இடம் வெளிநாட்டு விசா. அமெரிக்காவின் எச்1பி விசாவுக்கு, வேலைக்குத் தொடர்பான துறையில் நான்காண்டுப் பட்டமோ அதற்கு நிகரான தகுதியோ வேண்டும். நம் மூன்றாண்டு பி.எஸ்சி.யை அங்கே அப்படியே சமமாக எடுத்துக்கொள்வதில்லை. குறைகிற ஒவ்வோர் ஆண்டுப் படிப்புக்கும் மூன்றாண்டு வேலை அனுபவத்தை ஈடாகக் காட்ட விதி இருக்கிறது. ஜெர்மனியில் 2023 நவம்பர் முதல், பட்டமே இல்லாத ஐடி வல்லுநர்கூடக் கடந்த ஏழு ஆண்டுகளில் மூன்றாண்டு அனுபவமும் விதித்த சம்பள அளவும் இருந்தால், அங்கே வேலை செய்ய அனுமதிக்கும் ப்ளூ கார்டு வாங்கலாம். இது உங்களுக்கு இன்றைய பிரச்சினை இல்லை. ஐந்தாறு ஆண்டு கழித்து வரலாம், அப்போது அனுபவம் கைகொடுக்கும்.

இவற்றுக்கு வெளியே, சிறிய, நடுத்தர நிறுவனங்களில் நான் பார்த்தவரை டிகிரிக்கு ரெஸ்யூமில் ஒரு வரிதான் இடம். அங்கே ஆளெடுக்கிறவருக்கு ஒரே கவலை, இவரை உட்கார வைத்தால் வேலை நடக்குமா என்பது. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் அந்தக் கவலையைக் கொஞ்சம் குறைக்கிறது. அது இல்லாதவர் வேறு ஏதாவது காட்டி அதைக் குறைக்க வேண்டும்.

சரி, அந்த 90,000 ரூபாய்க்கு வருகிறேன். வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்பதை யாராலும் தர முடியாது. ஆளெடுப்பது இன்னொரு நிறுவனம், அதற்குப் பயிற்சி மையம் எப்படிப் பொறுப்பேற்கும்? எல்லாப் பயிற்சி மையங்களும் மோசடி என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆசிரியர், கேள்வி கேட்க ஆள், கூடப் படிக்கும் நால்வர் ஆகியவற்றுக்கு மதிப்பு உண்டு. தனியாக உட்கார்ந்தால் படிப்பு ஓடாது என்றிருப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேளுங்கள். போன பேட்ச்சில் படித்தவர்களில், அவர்கள் காட்டும் இரண்டு பேரோடு நிற்காமல், நீங்களே தேர்ந்தெடுக்கும் சிலரோடு பேச விடுவார்களா? பாதியில் விட்டால் பணம் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் தருவார்களா? ஒரு வாரம் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாமா? மாதத் தவணை என்றால், அந்தத் தவணை யாருக்குப் போகிறது? பல இடங்களில் அது உங்கள் பெயரில் ஒரு கடன் நிறுவனம் தரும் கடன். படிப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. அப்புறம், அசல் சான்றிதழ்களைக் கேட்டால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். வேலை தருகிறேன் என்று வைப்புத்தொகை கேட்கும் இடத்துக்கும் இதே பதில்தான்.

இதைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். சில மையங்கள் படிப்பு முடியும்போது, ஃப்ரெஷராகப் போனால் வேலை கிடைக்காது, இரண்டு மூன்று ஆண்டு அனுபவம் என்று போட்டுக்கொள்ளுங்கள், சான்றிதழ் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம் என்பார்கள். எல்லோரும் செய்வதுதான் என்றும் சொல்வார்கள். செய்யாதீர்கள். வேலையில் சேரும்போது பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். உங்கள் யுஏஎன் எண்ணை வைத்து வருங்கால வைப்பு நிதி (பிஎஃப்) கணக்கைப் பார்த்தால், எந்த மாதம் எந்த நிறுவனம் பணம் கட்டியது என்பது வரிசையாகத் தெரியும். உங்கள் ஆலை பிஎஃப் கட்டியிருந்தால், சாஃப்ட்வேர் நிறுவனத்தில் இருந்ததாக நீங்கள் சொல்லும் அதே ஆண்டுகளில் ராஜபாளையத்தில் இருந்ததாக அரசின் பதிவே சொல்லும். சேர்ந்து எட்டு மாதம் கழித்து இது தெரிந்து, நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர்களே அன்று மாலைக்குள் வெளியே அனுப்பப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த நிறுவனத்தில் மறுபடி ஒருபோதும் விண்ணப்பிக்க முடியாது. தப்பித்துவிட்டாலும், மூன்றாண்டு அனுபவம் உள்ளவருக்கான வேலையை முதல் நாளே கையில் கொடுப்பார்கள், அதைச் செய்யத் தெரியாமல் தவிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு உண்மையாகவே மூன்றாண்டு அனுபவம் இருக்கிறது, அது லேப் அனுபவம். அதை மறைக்க வேண்டியதில்லை, அதுதான் உங்களிடம் இருக்கும் நல்ல சரக்கு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எதைப் படிப்பது? ஒரு மொழி, ஒரு டேட்டாபேஸ், கொஞ்சம் வெப். மொழியாகப் பைத்தானைச் சொல்வேன். ஜாவாவும் சரியே, நம் ஊர் சேவை நிறுவனங்களில் ஜாவா வேலைகள் நிறைய. ஆனால் எண்களோடு வேலை பார்த்து வந்த உங்களுக்குப் பைத்தானில் சீக்கிரம் பயன் கிடைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லை மட்டும் மேலோட்டமாக விடாதீர்கள். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சோதிப்பது அதைத்தான். ஒவ்வொரு துறையிலும் இரண்டாவது அதிகச் சம்பளம் வாங்குபவர் யார் என்பது இன்டர்வியூவில் தேய்ந்துபோன கேள்வி. ஆனாலும் இன்னும் கேட்கிறோம், ஏனென்றால் மனப்பாடம் செய்தவரிடம் கேள்வியைச் சற்று மாற்றினால் உடனே தெரிந்துவிடும். இரண்டு பேர் ஒரே சம்பளம் வாங்கினால்? ஒரு துறையில் ஒருவர்தான் இருக்கிறார் என்றால்? இதற்குப் பதில் யோசிக்கத் தெரிந்தவருக்கு டேபிள்களை இணைக்கும் ஜாயினும், வகைவாரியாகத் தொகுக்கும் குரூப் பையும் உண்மையில் புரிந்திருக்கிறது. வெப் பக்கம் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் ஒரு படிவம் செய்து, அதில் போட்டதைச் சேமித்து, திரும்ப எடுத்துக் காட்டும் அளவுக்கு வந்தால் போதும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், லினக்ஸ் கட்டளைகள் ஆகியவற்றைத் தனிப்பாடமாகப் படிக்க வேண்டாம், முதல் நாளிலிருந்தே பயன்படுத்திப் பழகுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர் நான்கு ஆண்டில் கேட்டிருப்பதில், உங்களுக்கு நிச்சயம் வேண்டியது டேட்டா ஸ்ட்ரக்சர், அதாவது தகவலை நினைவகத்தில் அடுக்கி வைக்கும் முறைகள். பட்டியலில் தேடுவதற்கும் ஹேஷ் டேபிளில் தேடுவதற்கும் ஏன் அவ்வளவு வேக வித்தியாசம் என்பதை உங்கள் வார்த்தையில் சொல்ல வர வேண்டும். ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் இரண்டிலும் அடிப்படை போதும்: ஒரு வெப் முகவரியை அடித்ததும் என்னவெல்லாம் நடக்கிறது என்று ஐந்து நிமிடம் பேச முடிந்தால், முதல் வேலைக்கு அது தாராளம். கம்பைலர் போன்றவை பிறகு.

இவற்றைப் பணம் கொடுக்காமலே நல்ல இடங்களில் படிக்கலாம். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் பாடங்களைக் கேட்பதற்குக் கட்டணம் இல்லை, தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் சிறு தொகை. அதில் சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த் பைத்தானைக் கொண்டு டேட்டா ஸ்ட்ரக்சர் சொல்லித்தரும் பாடத்தை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் அவசரப்படுத்த மாட்டார், ஆனால் எதையும் விட்டுவிடவும் மாட்டார். ஹார்வர்டின் சிஎஸ்50 இலவசம். முதல் வாரங்களில் சி மொழி வருவதால் கஷ்டமாக இருக்கும், தாண்டிவிட்டால் கம்ப்யூட்டர் எப்படி யோசிக்கிறது என்ற பிடிமானம் கிடைத்துவிடும். தமிழில் படித்தால் முதல் தடவை நன்றாக ஏறும் என்றால், கணியம் தளத்தில் லினக்ஸ், மைஎஸ்க்யூஎல் போன்றவை பற்றி இலவச நூல்கள் இருக்கின்றன. தயங்காமல் தமிழில் புரிந்துகொள்ளுங்கள். பிழைச் செய்திகளை மட்டும் ஆங்கிலத்திலேயே முழுதாக வாசித்துப் பழகுங்கள், பாதி விடை அங்கேதான் இருக்கும்.

எவ்வளவு காலம்? வேலை பார்த்துக்கொண்டே தினம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் என்பது என் கணிப்பு. இது கணிப்புதான், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். ஆறு மாதத்தில் முடியும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் முழுநேரம் படிப்பவரை மனதில் வைத்துச் சொல்கிறார்கள்.

இப்போது உங்கள் லேபுக்கு வருவோம், இந்தப் பதிலில் எனக்கு முக்கியமான பகுதி இது. புதியவர்கள் ரெஸ்யூமில் போடும் புராஜெக்ட்களை வாரா வாரம் பார்க்கிறேன். நூலக மேலாண்மை, செய்ய வேண்டியவற்றின் பட்டியல், ஏதோ ஒரு கடையின் நகல். ஒரே வீடியோவைப் பார்த்து ஆயிரம் பேர் செய்தது. அதில் நான் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அந்த முடிவுகளை எடுத்தது அவர் இல்லை. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. நீங்கள் தினமும் ராப் ரீல் கருவியில் நூலை 120 கெஜம் சுற்றி, அதன் தடிமனைக் குறிக்கும் கவுண்ட் பார்க்கிறீர்கள், அந்தச் சிட்டத்தின் வலிமையான லீ ஸ்ட்ரென்த்தை எடுத்து, கவுண்டோடு பெருக்கி சிஎஸ்பி கணக்கிடுகிறீர்கள், நூலின் சீர்மையை அளக்கும் ஊஸ்டர் கருவியில் யூ சதவீதம், மெல்லிய இடம், தடித்த இடம், நெப்ஸ் எனும் சிறு முடிச்சுகள் என்று எண்கள் வந்து விழுகின்றன. அவை பெரும்பாலும் ஒரு எக்ஸெல் தாளில் போய் முடிந்துவிடும். அதையே மென்பொருளாகச் செய்யுங்கள். இயந்திரங்களுக்கு ஒரு டேபிள், கவுண்ட்களுக்கு ஒரு டேபிள், சோதனைகளுக்கு ஒரு டேபிள். சோதனை முடிவுகள் ஒரு சிஎஸ்வி கோப்பிலிருந்து உள்ளே வர வேண்டும். 40ஸ், அதாவது 40 கவுண்ட் நூல், ஓட வேண்டிய ஃபிரேமில் (நூற்பு இயந்திரத்தில்) கவுண்ட் நான்கு நாளாக மெல்ல மெல்ல நகர்கிறது என்றால், நிரல் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். எளிய வெப் பக்கத்தில் ஃபிரேம் வாரியாக ஒரு வரைபடம் போதும்.

இதைக் காட்டினால் இன்டர்வியூ செய்பவர் என்ன கேட்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரே ஃபிரேமுக்கு ஒரே நாளில் இரண்டு சோதனை வந்தால் எதை எடுப்பீர்கள்? எத்தனை சதவீத விலகலை எச்சரிக்கையாக வைத்தீர்கள், ஏன்? ஈரப்பதம் மாறினால் எண்கள் மாறுமே, அதை என்ன செய்தீர்கள்? இந்த எல்லாவற்றுக்கும் உங்களுக்கு ஏற்கெனவே பதில் தெரியும், வேலையில் தினமும் பார்ப்பதுதானே. எதிரில் இருப்பவருக்கு நூற்பாலையைப் பற்றி எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஒரு பிரச்சினையை உள்ளிருந்து அறிந்தவர் அதை டேபிளாகவும் நிரலாகவும் மாற்றியிருக்கிறார் என்பது அவருக்குப் புரியும். மென்பொருள் வேலையில் பெரும்பகுதி அதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து நேரே வரும் பையனிடம் இது இருக்காது. ஒரு எச்சரிக்கை: ஆலையின் உண்மையான எண்களை வெளியே கொண்டுவராதீர்கள். அதே போன்ற எண்களை நீங்களே உருவாக்கிப் பயன்படுத்துங்கள், நிரலைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடும்போது அதை எழுதியும் வையுங்கள். அந்த ஒரு வரியைப் படித்தாலே உங்கள் மேல் மதிப்பு வரும்.

அப்படியென்றால் எந்தக் கதவைத் தட்டுவது? கோவையிலும் திருப்பூரிலும் ஜவுளித் தொழிலுக்கென்றே ஈஆர்பி, அதாவது உற்பத்தி, இருப்பு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மென்பொருள் எழுதும் சிறு நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கிடைக்கிறார்கள், லாட் என்றால் என்ன, வேஸ்ட் எப்படிக் கணக்காகிறது என்று தெரிந்தவர்கள் கிடைப்பதில்லை. ஒவ்வொரு புதியவருக்கும் ஆலையை விளக்கவே மாதங்கள் போகும். உங்கள் ஆலையிலும் ஏதோ ஒரு ஈஆர்பி ஓடும், அதை நிறுவிப் பராமரிக்க ஆட்கள் வந்து போவார்கள். அவர்களோடு பேசுங்கள், அவர்கள் நிறுவனத்தில் எப்படி ஆளெடுக்கிறார்கள் என்று கேளுங்கள். விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிப்பதைவிட இந்த வழியில் வேலை கிடைத்தவர்களே என் அனுபவத்தில் அதிகம். வேதியியல் பட்டத்துக்கும் ஒரு இடம் இருக்கிறது. மருந்து நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்களில் மாதிரிகளையும் முடிவுகளையும் பதிவு செய்யும் லிம்ஸ் மென்பொருள்கள் உண்டு. அவற்றை நிறுவுவது, சோதிப்பது, சரிபார்ப்பது தனித் தொழிலாகவே இருக்கிறது. அங்கே வேதியியல் கேட்பார்கள்.

முதல் வேலை டெவலப்பர் என்ற பெயரில் வராமல் இருக்கலாம். டெஸ்டிங், சப்போர்ட், இம்ப்ளிமென்டேஷன் என்று வரலாம். இதில் கருத்து வேறுபாடு உண்டு. சப்போர்ட்டில் நுழைந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள் என்று சிலர் சொல்வார்கள், அது நடப்பதும் உண்டு. என் பார்வையில், சிறிய நிறுவனத்தில் சப்போர்ட் என்றால் போய்ச் சேரலாம், ஏனென்றால் அங்கே நிரல் எழுதுபவர் பக்கத்து மேசையில் இருப்பார், ஒரு சிறு பிழையை நீங்களே சரிசெய்து கொடுத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். பெரிய நிறுவனத்தில் இரவு ஷிஃப்டில் டிக்கெட் மட்டும் பார்க்கும் வேலை என்றால் யோசியுங்கள். எங்கே சேர்ந்தாலும் ஒரு வருடத்துக்குள் உங்கள் நிரல் ஒரு வாடிக்கையாளரிடம் ஓட வேண்டும் என்று இலக்கு வையுங்கள்.

சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். பெரிய சேவை நிறுவனங்களே ஃப்ரெஷருக்கு ஆண்டுக்கு 3 முதல் 4 லட்சம்தான் பல ஆண்டுகளாகக் கொடுத்து வருகின்றன. சிறு நிறுவனத்தில் முதல் வருடம் அதற்கும் கீழே இருக்கலாம், ஆலைச் சம்பளத்தைவிடப் பெரிதாக எதுவும் கூடாமலும் போகலாம். வித்தியாசம் இரண்டாவது, மூன்றாவது ஆண்டில்தான் தெரியும். சிலர் இரண்டு ஆண்டு விலக மாட்டேன் என்ற பாண்டு ஒப்பந்தம் கேட்பார்கள். அசல் சான்றிதழ் கேட்காமல், வெளியேறினால் கட்ட வேண்டிய தொகை நியாயமாக இருந்தால், முதல் வேலைக்கு அதை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து. ஒப்புக்கொள்ளும் முன் அந்தத் தாளை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஃப்ரெஷர்களுக்கு வேலையே இருக்காதாமே என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பெரிய நிறுவனங்கள் முன்புபோல் கண்ணை மூடிக்கொண்டு ஆளெடுப்பதில்லை. டிசிஎஸ் 2025 ஜூலையில் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது, அதில் நடுத்தர, மூத்த நிலையில் இருந்தவர்களே அதிகம். சொன்னதை மட்டும் தட்டச்சு செய்யும் தொடக்கநிலை வேலைகள் குறைகின்றன. இன்னும் மூன்று ஆண்டில் எப்படி இருக்கும் என்பதை யார் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் பார்க்கும் மாற்றம் ஒன்றைச் சொல்கிறேன்: நிரலை எழுதுவது எளிதாகிவிட்டது, எழுதியது சரியா என்று கண்டுபிடிப்பது கடினமாகிவிட்டது. கவுண்ட் 40 என்று காட்ட வேண்டிய இடத்தில் 400 வந்தால் உங்களுக்கு உடனே உறைக்கும். அதனால் துறை அறிவு உள்ளவருக்கு இது கெட்ட காலம் இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் கற்கும் மாதங்களில் அந்தக் கருவிகளிடம் நிரலைக் கேட்டு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதில் என்ன தவறு என்று விளக்கச் சொல்லுங்கள், அதற்கு நல்ல ஆசிரியர்கள்தான். இன்டர்வியூவில் திரையைப் பகிரச் சொல்லி, எங்கள் கண்ணெதிரே பத்து வரி எழுதச் சொல்கிறோம். சொந்தமாக எழுதிப் பழகாதவர்கள் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

25 வயது தாமதமா என்றால், இல்லை. முப்பதுக்கு மேல் வந்து நன்றாக இருப்பவர்களோடு வேலை செய்திருக்கிறேன். ஆங்கிலம்தான் நிஜமான தடை. தமிழ்வழியில் படித்த, திறமையுள்ள பலர் அதில் தங்கிவிடுகிறார்கள். இலக்கணச் சுத்தத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. நீங்கள் செய்த புராஜெக்டைத் திக்கித் திக்கியாவது ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் விளக்க வேண்டும், வந்த மின்னஞ்சலுக்குத் தெளிவாக மூன்று வரி பதில் எழுத வேண்டும். கைபேசியில் பதிவு செய்து, வாரத்துக்கு ஒரு முறை அந்த ஐந்து நிமிடத்தைப் பேசிப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் பட்டம் இல்லை என்ற குறை மனதில் உறுத்திக்கொண்டே இருந்தால், வேலையை விடாமல் அதைத் தீர்க்க வழி உண்டு. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. முதலில் சில வாரப் பாடமும் தகுதித் தேர்வும், அதில் தேறினால் சேர்க்கை. பாடம் இணையவழியில், தேர்வு மட்டும் நேரில் மையத்தில். முழுதாக முடிக்க முடியாவிட்டாலும் நடுவே சான்றிதழ், டிப்ளமோ என்று வெளியேறும் நிலைகள் உண்டு, குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. கணிதம் கடினம், அதற்குத் தயாராகப் போங்கள். எம்.சி.ஏ. 2020 முதல் இரண்டே ஆண்டுதான். ப்ளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருந்தால் அதற்கான நுழைவுத்தேர்வான டான்செட் எழுதலாம். எம்.சி.ஏ. உங்களை மறுபடி வளாகத் தேர்வுக்கும், இப்போது முடித்தவர் என்ற நிலைக்கும் கொண்டுவரும், மேலே சொன்ன மூடிய வாசல் திறக்கும். ஆனால் இரண்டு ஆண்டுச் சம்பளம் போகும். வளாகத் தேர்வு நன்றாக நடக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தால் மட்டும் அதைச் சொல்வேன்.

ஆலை வேலையை இப்போது விட வேண்டாம். லேப் புராஜெக்ட் ஓடி, எஸ்க்யூஎல் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் வந்து, இன்டர்வியூ அழைப்புகள் வரத் தொடங்கிய பிறகு விடுங்கள். 90,000 ரூபாயில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து ஒரு நல்ல மடிக்கணினி வாங்குங்கள், பழையதானாலும் எட்டு ஜிபி நினைவகம் இருந்தால் போதும். மீதியை வேலை மாறும் முதல் மாதங்களுக்கு வைத்திருங்கள். வீட்டில் சென்னைக்கு அனுப்பத் தயங்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ 2011 முதல் இருக்கிறது. கோவையிலும் மதுரையிலும் ஐடி நிறுவனங்கள் உண்டு. 2024-ல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் ஆகிய ஊர்களில் ஐடி நிறுவனங்களுக்கான சிறிய டைடல் பூங்காக்கள் திறந்தார்கள். சென்னையேதான் என்றானால், வேலை பார்க்கும் பெண்களுக்கு அரசு நடத்தும் தோழி விடுதிகள் கூடுவாஞ்சேரி, அடையாறு போன்ற இடங்களில் இருக்கின்றன, வாடகையையும் வசதிகளையும் அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். அம்மா அப்பாவோடு உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். லேப் புராஜெக்டில் டேபிள்களை எப்படிப் பிரிப்பது என்று குழப்பம் வந்தால், வரைந்ததை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.